அப்பாவின் 9,000 பாட்டுகளை எந்த மென்பொருளில் அடுக்குவது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா சேர்த்த 9,000 பாட்டுகள் ஒரு எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. பழைய சினிமாப் பாட்டு, கசெட்டிலிருந்து ஏற்றிய வடமோடிக் கூத்து, கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல் எல்லாம் ஒரே போல்டரில். பாதிக்கு 'டிராக் 01' என்றுதான் பெயர். ஒரு பாட்டுத் தேட வேண்டுமென்றாலும் அப்பா என்னைத்தான் கூப்பிடுகிறார். எந்த மென்பொருள் நல்லது?"

விண்டோஸ் என்றால் மியூசிக்பீ. இலவசம், 9,000 பாட்டெல்லாம் அதற்கு ஒரு சுமையே இல்லை. லப்டொப் மிகப் பழசு என்றால் ஃபூபார்2000; பார்க்க மொட்டையாக இருக்கும், ஆனால் இலேசானது. லினக்ஸ்காரர் ஸ்ட்ராபெரி போடலாம். சரி, மென்பொருள் கதை இவ்வளவுதான். உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

இவை பாட்டுகளை அடுக்குவது பெரும்பாலும் டேக்கைப் பார்த்துத்தான். பாட்டின் பெயர், பாடியவர், அல்பம் என்ற விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் இடம் அது. அது காலியாக இருந்தால் எந்த மென்பொருளாலும் ஒழுங்காக அடுக்க முடியாது.

சினிமாப் பாட்டில் எல்லோரும் சறுக்குவது 'அல்பம் ஆர்டிஸ்ட்' என்ற கட்டத்தில். ஒரு படத்தில் ஆறு பாட்டு, ஐந்து பாடகர்கள். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் ஒரே படம் நாலைந்து அல்பமாகச் சிதறிப்போகும். ஆறையும் சேர்த்துத் தெரிவுசெய்து, ரைட் கிளிக்கில் எடிட் போய், அந்தக் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். பாடகர்கள் 'ஆர்டிஸ்ட்' கட்டத்துக்கு. இருவர் பாடியிருந்தால் நடுவில் அரைப்புள்ளி.

கூத்துக்கு இணையத்தில் தானாக விவரம் தேடும் வசதி உதவாது. உங்கள் ஊர்க் களரியில் பதிந்த கசெட்டை எந்தத் தரவுத்தளமும் அறியாது. கையால்தான் எழுத வேண்டும்: அல்பத்தில் கூத்தின் பெயர், அல்பம் ஆர்டிஸ்டில் அண்ணாவியார் (கூத்தைப் பழக்கிய ஆசிரியர்), ஜானரில் வடமோடி, கமென்டில் ஊரும் ஆண்டும். அப்பாவைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள், குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். கசெட் ஒலி சினிமாப் பாட்டைவிடத் தாழ்வாக இருந்தால் 'வால்யூம் அனலைஸ்' கொடுங்கள். பாட்டின் ஒலியைத் தொடாமல் அளவை மட்டும் டேக்கில் குறித்துக்கொள்ளும்.

பெயர்களை யூனிகோடில் மட்டும் தட்டுங்கள். நான் ஒருமுறை இருநூறு பாட்டுக்குப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிவிட்டு, திரையில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலைப் பார்த்து விழித்திருக்கிறேன். பாமினி எழுத்துருவின் வேடம், அவ்வளவுதான். உள்ளே பதிவது ஆங்கில எழுத்து. கோப்புப் பெயரிலேயே பாட்டின் பெயர் இருந்தால் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் அதை டேக்குக்கு மொத்தமாக மாற்றித் தரும். எதையும் தொடுமுன் முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. எக்ஸ்டேர்னல் டிஸ்க்கை இன்று செருகினால் 'ஈ' டிரைவ் என்று வரும், நாளை பென் டிரைவ் ஒன்று முந்திக்கொண்டால் 'எஃப்' ஆகிவிடும். மியூசிக்பீ பழைய இடத்திலேயே தேடி, 9,000 பாட்டையும் காணவில்லை என்று சொல்லும். பயந்து அழித்துவிட வேண்டாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிஸ்க்குக்கு 'எம்' போன்ற தூர எழுத்தொன்றை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பாட்டுகளை மியூசிக்பீயில் சேர்க்கத் தொடங்குங்கள்.