காய்ச்சல் காலத்தில் மனநல மாத்திரைகள்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். க்ளோசபின் 300 மி.கி. சாப்பிட்டு நன்றாக இருக்கிறான். ஊரில் டெங்கு பரவுகிறது. காய்ச்சல் வந்தால் இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?
- வாசகி, குடியாத்தம்

நீங்களாக நிறுத்தாதீர்கள். க்ளோசபினைத் திடீரென்று விட்டால் சில நாட்களிலேயே நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். அதற்காக, பாராசிட்டமால் கொடுத்து மூன்று நாள் பார்க்கலாம் என்றும் இருக்கக் கூடாது. காய்ச்சல் கண்ட அன்றே முழு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்கு வெள்ளை அணுக்களைக் குறைக்கும். அபூர்வமாக க்ளோசபினும் குறைக்கும். பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் டாக்டரால் ஒப்பிட முடியும். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் 1500-க்குக் கீழே போயிருந்தால் அன்றே மனநல மருத்துவருக்குத் தெரிய வேண்டும். தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ சேர்ந்தால் நடுராத்திரியானாலும் கிளம்புங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. கடும் காய்ச்சலில் கல்லீரல் க்ளோசபினைச் சிதைக்கும் வேகம் குறைந்துவிடும். அதே 300 மி.கி. ரத்தத்தில் இரண்டு மடங்காகக்கூடச் சேரலாம். தம்பி பீடி பிடிப்பவரா? படுக்கையில் விழுந்து பீடியை விட்டால் அளவு மேலும் ஏறும். பீடிப் புகைதான் இந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் கேட்காவிட்டாலும் பீடிக் கணக்கை நீங்களே சொல்லிவிடுங்கள். எழுப்ப முடியாத தூக்கம், எச்சில் வழிதல், நடையில் தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை அளவு ஏறியதன் அறிகுறிகள். டாக்டர் கொஞ்ச நாளுக்கு மாத்திரையைக் குறைத்துத் தருவார்.

வாந்தியால் 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விடுபட்டால் மறுபடி நேராக 300 கொடுத்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம் சட்டென்று விழும். 12.5 மி.கி.யில் தொடங்கித்தான் ஏற்ற வேண்டும்.

அம்மா மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். காய்ச்சல், உடம்பு வலிக்கு என்ன தரலாம்?
- வாசகர், காட்பாடி

பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். அவை லித்தியத்தை உடம்பில் தேக்கும், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவையும் கூட்டும். வேலூர் வெயிலில் காய்ச்சலும் பேதியும் சேர்ந்தால் உடம்பில் நீர் வற்றி லித்தியம் ஏறும். உப்புப் போட்ட கஞ்சி, ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே இருங்கள். கை பெரிதாக நடுங்கினாலோ பேச்சு குழறினாலோ அடுத்த மாத்திரையைத் தராமல் ஆஸ்பத்திரிக்குப் போய் லித்தியம் அளவு பாருங்கள். 1.5-ஐத் தாண்டினால் அது நச்சு.

அப்பாவுக்கு மனநோயே இருந்ததில்லை. காய்ச்சலின் நாலாம் நாள் இரவில், இல்லாத ஆட்களோடு பேசுகிறார். பைத்தியம் பிடித்துவிட்டதா?
- வாசகி, ஆற்காடு

இல்லை. பகலில் தெளிவு, இரவில் குழப்பம், நாள் கிழமை தெரியாமை என்றால் பெரும்பாலும் அது காய்ச்சல் பிதற்றல். மந்திரிக்கவோ மனநல மருத்துவரைத் தேடவோ நேரம் போக்காமல் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். சர்க்கரை, சோடியம், ஆக்சிஜன் மூன்றையும் உடனே பார்க்க வேண்டும். மூளைக்காய்ச்சலும் இப்படித் தொடங்கலாம். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அதுவும் மனதைக் குழப்பும். 1918 ஃப்ளூவுக்குப் பின் மனம் பேதலித்த 100 பேரை பாஸ்டனில் அமெரிக்க மனநல மருத்துவர் கார்ல் மென்னிங்கர் பதிவு செய்தார். பின்னாளில் விசாரித்தபோது, மனச்சிதைவு என்று கருதப்பட்டவர்களில்கூடப் பலர் தேறியிருந்தார்கள். அதனால் அப்பாவுக்கு இப்போதே ஆயுள் முழுக்க ஒரு பெயரைச் சூட்டிவிடாதீர்கள்.

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் கொரோனா தடுப்பூசி போடலாமா?
- வாசகர், வாலாஜாபேட்டை

கட்டாயம் போடலாம். கொரோனாவில் மனச்சிதைவு உள்ளவர்களின் இறப்பு மற்றவர்களைவிட அதிகம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 அக்டோபரில் அவர்களை அதிக ஆபத்துள்ளோர் பட்டியலில் சேர்த்தது. ஊசிக்காக மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.