பட்டியல் எதற்கு தம்பி?

ஐயா,
ஒருவரை ஜன்னல் வழியாக வெளியே வீசுவதற்கு ஆங்கிலத்தில் 'டிஃபெனஸ்ட்ரேட்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. பார்த்ததும் அசந்துபோனேன். இப்படி யாருக்கும் தெரியாத வினைச்சொற்கள் ஒரு ஐம்பது, அவை பிறந்த கதையோடு தருவீர்களா? என் கட்டுரைகளில் பயன்படுத்த ஆசை.
- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஒரு சொல்லைப் பார்த்து அசந்துபோகிற மனசு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, அதை விட்டுவிடாதீர்கள். லத்தீனில் ஃபெனஸ்ட்ரா என்றால் ஜன்னல். 1618-ல் பிராகில் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் அரசப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் கோட்டை ஜன்னலிலிருந்து தள்ளிவிட்டார்கள், மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். மற்ற நாற்பத்தொன்பதுக்கு அகராதி இருக்கிறது.

ஆனால் யாருக்கும் தெரியாத சொல்லைக் கட்டுரையில் போட்டு யாரை மிரட்டப் போகிறீர்கள்? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சில நாட்களாகவே 'பாய்காட்' என்ற சொல் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, சரியாக உங்கள் கடிதம் வந்தது.

பாய்காட் ஒரு மனிதரின் பெயர். 1880-ல் அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்ட ஏஜென்ட், கேப்டன் சார்லஸ் பாய்காட். குத்தகையைக் குறைக்கச் சொன்ன விவசாயிகளை வெளியேற்றப் பார்த்தார். ஊரே அவரைத் தள்ளிவைத்தது. வேலையாட்கள் நின்றுவிட்டார்கள், கடைக்காரர் சாமான் தரவில்லை, கொல்லர் லாடம் அடிக்கவில்லை. வயலில் கிடந்த விளைச்சலை எடுக்க வெளியூரிலிருந்து ஐம்பது பேர் வந்தார்கள், அவர்களுக்குக் காவல் ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்கள். சுமார் 500 பவுண்டு பெறுமான விளைச்சலுக்குச் செலவு 10,000 பவுண்டு!

இப்படித் தள்ளிவைப்பதற்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற சொல் இருந்தது. பழைய ஏதென்ஸில் யாரை வெளியேற்ற வேண்டுமோ அவர் பெயரை மக்கள் உடைந்த பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள், அதிக ஓடுகளில் பெயர் வந்த ஆள் பத்து வருஷம் ஊர்ப்பக்கம் வரக்கூடாது. அந்த ஓட்டிலிருந்து வந்த சொல். கம்பீரமானது, உங்களுக்குப் பிடித்துவிடும். ஆனால் அந்த விவசாயிகளுக்கு அது புரியாதே என்று பங்குத்தந்தை ஜான் ஓமாலி கவலைப்பட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'பாய்காட் பண்ணுவது' என்றே சொன்னால் என்ன என்று கேட்டாராம். உடனிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் இதை எழுதிவைத்திருக்கிறார்.

எதிரில் நிற்கிறவருக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறை தம்பி, வேறொன்றும் இல்லை. உங்கள் கட்டுரையில் அது இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள் முதலில். அந்த நவம்பரிலேயே லண்டன் பத்திரிகையில் அந்தச் சொல் அச்சாகிவிட்டது. கேப்டன் அயர்லாந்தை விட்டுக் கிளம்பியது டிசம்பர் 1-ல்தான்.