தக்காளி சோஸ்: பிளெண்டரைவிட அரிதட்டு நல்லது

வீட்டில் தக்காளி சோஸ் காய்ச்சுவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கை: பிளெண்டரில் அடித்துத்தான் காய்ச்சுகிறேன். நிறம் வெளிறி, இலேசாகக் கசக்கிறது. ஏன்?

தங்கச்சி, பச்சையாக அடிக்கும்போது காற்று நுரையாகக் கலந்து சிவப்பை மங்கவைக்கும். விதை அரைபட்டால் கசக்கும். முதலில் அவித்து, சற்று ஆறியதும் அரிதட்டில் ஊற்றி அகப்பையின் முதுகால் தேயுங்கள். தோலும் விதையும் மேலே நின்றுவிடும். அரிதட்டின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் களியை வழித்தெடுங்கள். கெட்டியான பகுதியே அதுதான். மாவரிக்கும் நுண்ணிய அரிதட்டு வேண்டாம், கை ஓய்ந்துபோகும்.

ஏறாவூரிலிருந்து ஒரு அக்கா: எவ்வளவு காய்ச்சினாலும் தண்ணீர் பிரிகிறதே?

பழத்தை எல்லாம் வெட்டி வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போயிருப்பீர்கள். வெட்டியவுடனேயே தக்காளியில் உள்ள நொதிகள் பெக்டினைச் சிதைக்கத் தொடங்கும். சோஸைத் தண்ணீர் பிரியாமல் பிடித்துவைப்பது அந்தப் பெக்டின்தான். 80 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் நொதிகள் அடங்கிவிடும். ஆகவே சட்டியை முதலில் அடுப்பில் வையுங்கள். நாலைந்து பழங்களை அதற்குள்ளேயே வெட்டிப்போட்டு மசித்துக் கொதிக்கவிடுங்கள். கொதி அடங்காதபடி மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அரித்தபின் வாயகன்ற சட்டியில் வற்றவிடுங்கள்; ஆழமான பானையில் காய்ச்சினால் காஸ்தான் தீரும். ஒரு துளியைத் தட்டில் விட்டுப் பாருங்கள். சுற்றிலும் நீர் வளையம் தெரிந்தால் இன்னும் வற்ற வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து: அலுமினியச் சட்டி போதுமா?

போதாது. தக்காளிப் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். சோஸில் உலோகச் சுவை ஏறும். துருப்பிடிக்காத உருக்குச் சட்டியே நல்லது. மீன்கறி வைத்த மண்சட்டியையும் விட்டுவிடுங்கள், மணம் போகாது.

கல்முனையிலிருந்து ஒரு தம்பி: போத்தலில் அடைத்து அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். எண் கூடினால் புளிப்புக் குறைவு என்று பொருள். அது 4.6க்கு மேலே இருந்தால், காற்றுப் புகாத போத்தலுக்குள் பொட்டுலிசம் என்ற உயிராபத்தான நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம். தக்காளி அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. 500 மில்லிலீற்றருக்கு 5% வினாகிரி இரண்டு மேசைக்கரண்டி சேருங்கள். அப்படியும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில வாரங்களில் முடித்துவிடுங்கள். சூடான சோஸைக் குளிர்ந்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றினால் போத்தல் வெடிக்கும். போத்தலை வெந்நீரில் சூடாக்கிய பிறகு நிரப்புங்கள்.

திருக்கோவிலிலிருந்து: அம்மிக்கு வேலை உண்டா?

உண்டு. செத்தல் மிளகாயையும் உள்ளியையும் அதில் அரையுங்கள். தக்காளியை அம்மியில் வைத்தால் பாதி தரைக்குத்தான் போகும்.