பழசைக் கிளறுவது பற்றி

வணக்கம் அண்ணா. 2021 ஜூலைக் கலவரத்தில் இங்கே பீனிக்ஸில் நடந்ததைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்ப எழுதுவது தேவையா? பக்கத்து ஊரான இனாண்டாவின் கறுப்பின ஆட்கள் இப்போதுதான் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள். பழசைக் கிளறினால் இந்திய வம்சாவளியினரான நம் ஆட்களுக்குத்தான் கெட்ட பெயர். நிம்மதியாக இருக்க விடுங்கள்.
ஆர்., பீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள ஆர்.,

உங்கள் பயம் புரிகிறது. 1949இல் டர்பனில் ஆப்பிரிக்கர்கள் இந்தியர்களைத் தாக்கிய கலவரக் கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதில் செத்த 142 பேரில் இந்தியர் 50, ஆப்பிரிக்கர் 87 என்பது நம் வீட்டுக் கதைகளில் வருவதேயில்லை.

கிளறாமல் விட்டால் ஆறிவிடும் என்கிறீர்கள். நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய அகமது திமோல் 1971இல் ஜோஹன்னஸ்பர்க்கில் போலீஸ் காவலில் இருந்தபோது பத்தாவது மாடியிலிருந்து விழுந்து செத்தார், தற்கொலை என்று மறுவருஷமே கோப்பை மூடினார்கள். அவர் அம்மா 1996இல் நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் வந்து பேசினார், பதில் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். கொலைதான் என்று நீதிமன்றம் சொன்னது 2017இல். அப்புறம் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் போலீஸ்காரரும் விசாரணை முடியாமலே இறந்துபோனார். இத்தனை வருஷம் அந்தக் குடும்பத்துக்கு எந்த நிம்மதி கிடைத்தது?

நிறவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம்மைக் கிளப்பி சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய்ப் போட்டார்களே, 1994க்குப் பிறகு அந்த நிலத்துக்கு மனுப் போட்டபோது பழசு என்று நாம் விட்டுவிட்டோமா என்ன?

சரி, பீனிக்ஸுக்கு வருகிறேன். கடைகளைச் சூறையாடினார்கள், கூப்பிட்டும் போலீஸ் வரவில்லை, அதனால் நம் ஆட்கள் தெருமுனையில் டயரும் மரமும் போட்டு மறித்து ராத்திரியெல்லாம் காவல் நின்றார்கள், அதுவரை நியாயம்தான். ஆனால் அந்தத் தடுப்பில் வந்து நின்ற காருக்குள் கறுப்பு முகம் இருந்தால் ஒரு மாதிரியும் இந்திய முகம் இருந்தால் வேறு மாதிரியும் நடத்தினார்களே, வேலைக்குப் போகிறவனையும் ரொட்டி வாங்க வந்தவனையும் கீழே இறக்கி டிக்கியைத் திற என்றார்களே, நடமாட அனுமதிச் சீட்டான பாஸ் எங்கே என்று நம் தாத்தாக்களை மறித்துக் கேட்ட அதே அவமானம் இல்லையா அது? முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றால் மறந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, நாளைக்கும் இதே ரோட்டில்தான் அவர்கள் நடந்தாக வேண்டும்.

கெட்ட பெயர் என்கிறீர்கள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டால்தான் அது மொத்தச் சமூகத்தின் தலையிலும் விழும். யார் செய்தது என்று கோர்ட்டில் தெரிந்தால், செய்தவரோடு நிற்கும்.

எழுதியதை நான் எடுக்கப் போவதில்லை. உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: அன்று பார்த்ததைச் சொல்ல உங்கள் தெருவில் யாராவது முன்வந்தால், காட்டிக்கொடுத்தவன் என்று அவரை ஒதுக்காதீர்கள். சாட்சி சொல்லும் அன்றைக்கு நீங்களும் கூடப் போங்கள்.