எண்ணிக்கை வீதம் உயரும்போது நிறமாலை கலைவது ஏன்?

கேள்வி: காமா கதிர்களை அளக்கும் உயர்தூய ஜெர்மானிய உணர்கருவியை, துடிப்புகளின் உயரத்தை ஆற்றலாகப் பதியும் டிஜிட்டல் துடிப்புப் பகுப்பியோடு இணைத்து, வலிமையான சீசியம்-137 மூலத்தை அளக்கிறேன். நொடிக்கு ஒரு லட்சம் துடிப்புகள் வருகின்றன. இறந்த நேரம் (கருவி புதிய துடிப்பை ஏற்க முடியாத நேரம்) 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது, 661.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட் உச்சத்தின் இடப்பக்கம் வால் நீள்கிறது. 1323-இல் புதிதாக ஓர் உச்சம் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் முன்பெருக்கியின் (உணர்கருவியின் சிறு மின்குறியைப் பெருக்கும் முதல் சுற்றின்) வெளியீட்டை ஆஸிலாஸ்கோப்பில் பாருங்கள். துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, உச்சியில் வெட்டுண்டு தட்டையாக நின்றால் முன்பெருக்கி தன் உச்ச வரம்பைத் தொட்டு நிறைவுற்றுவிட்டது என்று பொருள். அங்கே இழந்த தகவலை எந்த வடிகட்டியாலும் மீட்க முடியாது. மூலத்தைத் தள்ளி வையுங்கள்.

வெட்டு இல்லையென்றால், ஒவ்வொரு துடிப்பையும் சரிவக வடிவாக்கி அதன் உயரத்தை அளக்கும் சரிவக வடிகட்டியின் நேர அமைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு துடிப்பு அடைத்துக்கொள்ளும் நேரம், ஏற்ற நேரத்தையும் தட்டை உச்சியின் நீளத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கிய அளவுக்கு ஏறக்குறைய இருக்கும். ஏற்றம் 12, உச்சி 1 மைக்ரோநொடி என்றால் 26 மைக்ரோநொடி. உங்கள் வீதத்தில் நொடிக்குச் சுமார் 7,400 துடிப்புகளே பதிவாகும். அவற்றை 2.8, 0.8 எனக் குறைத்தால் 48,000-க்கு மேல் கிடைக்கும். இரைச்சல் கூடுவதால் உச்சம் சற்று அகலும். இந்த வீதத்தில் அதை ஏற்றுக்கொள்வதே சரி என்பது என் கருத்து. ஆனால் தட்டை உச்சியை மேலும் குறைக்காதீர்கள்: பெரிய படிகத்தில் மின்னூட்டம் முழுதும் சேரச் சில நூறு நானோநொடிகள் ஆகும், உச்சி அதைவிடக் குறுகினால் துடிப்பின் உயரம் குறைவாக அளக்கப்படும்.

இடப்பக்க வாலுக்குப் பெரும்பாலும் துருவ-சுழி திருத்தம், அதாவது துடிப்பின் மெல்லத் தேயும் பின்பகுதியை ஈடுசெய்யும் அமைப்பு, பிசகியிருப்பதே காரணம். முன்பெருக்கியின் சிதைவு மாறிலி (அதன் துடிப்பு தேயும் நேரம்), வழக்கமாக 50 மைக்ரோநொடியை ஒட்டியது, பகுப்பியில் தவறாகப் பதிந்திருந்தால் துடிப்பின் பின்பகுதி அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். அந்தப் பள்ளத்தில் வந்து விழும் அடுத்த துடிப்பு உயரம் குறைந்ததாகப் பதிவாகும். குறைந்த வீதத்தில் இப்பிழை கண்ணில் படாது. எனவே வடிகட்டியை மாற்றிய பிறகு, உயர் வீதத்திலேயே திருத்தத்தைச் சரிபாருங்கள்.

1323 உச்சம், இரண்டு 661.7 ஃபோட்டான்கள் ஒன்றாகக் குவிந்ததன் விளைவு. நெருங்கி வரும் துடிப்புகளைக் கண்டுபிடிக்கும் வேகத் தடத்தின் வாசலை (குறைந்தபட்ச உயர வரம்பை) இரைச்சலுக்குச் சற்று மேலே வைத்தால் குவிதல் குறையும். அத்தடத்தாலும் பிரிக்க முடியாத அளவு நெருங்கி வரும் இணைகள் எஞ்சவே செய்யும்.

கருவி காட்டும் உயிர்நேரத்தையும் (மொத்த நேரத்தில் இறந்த நேரம் போக மீதியையும்) சோதியுங்கள். கோபால்ட்-60 மூலத்தை அசையாமல் வைத்து, சீசியத்தை மட்டும் படிப்படியாக அருகில் கொண்டுவந்தால், கோபால்ட் உச்சத்தின் நிகர எண்ணிக்கையை உயிர்நேரத்தால் வகுத்த மதிப்பு மாறக்கூடாது. இதற்கு 1332.5 உச்சத்தை எடுக்காதீர்கள், சீசியத்தின் குவிவு உச்சம் அதன் காலடியிலேயே இருக்கிறது; 1173.2 உச்சத்தைப் பயன்படுத்துங்கள்.