அம்மா பார்க்கிறா

அன்புள்ள அக்கா,
கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். மகளுக்கு ஒன்றரை வயது. வவுனியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன், முறிகண்டியில் பஸ் நிற்கும்போது வீட்டுக்குப் போன் எடுத்து மகள் சாப்பிட்டாளா என்று கேட்பேன். அம்மா பார்க்கிறா, அதில் பிரச்சினை இல்லை. இப்போது கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்திருக்கிறது. இவர் ‘உன் விருப்பம்’ என்கிறார். ஊர் கதைக்கிறது. நல்ல தாயாகவும் நல்ல ஆய்வாளராகவும் இருக்க முடியுமா?
வா., வவுனியா

அன்புள்ள பிள்ளை,

ஊர் கதைக்கட்டும். 1990இல் கிளிநொச்சியில் தொடங்கிய உங்கள் பல்கலைக்கழக விவசாய பீடமே சண்டையில் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, சண்டை முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது, நீர் கொஞ்சக் காலம் போய்வந்தால் குடிமுழுகாது. ‘உன் விருப்பம்’ என்கிறவரிடம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்று கேளும், முகம் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். ‘அம்மா பார்க்கிறா, அதில் பிரச்சினை இல்லை.’ யாருக்கு இல்லை? முறிகண்டியில் நின்று மகள் சாப்பிட்டாளா என்று கேட்கிறீர், அம்மா சாப்பிட்டாவா என்று ஒருநாளாவது கேட்டீரா? இடம்பெயர்ந்து, பதுங்குகுழிக்குள் பிள்ளை வளர்த்து, இப்போது முழங்கால் நோவோடு பேத்திக்குப் பின்னால் ஓடுகிற தலைமுறை அது. அரசாங்க உத்தியோகத்தில் தாய்க்கு 84 நாள் முழுச் சம்பளத்தோடு லீவு உண்டு, வேண்டுமென்றால் அரைச் சம்பளத்தில் இன்னும் 84, சம்பளமில்லாமல் இன்னும் 84. அம்மம்மாவுக்கு எந்தச் சுற்றுநிருபத்தில் லீவு இருக்கிறது, சொல்லும் பார்ப்போம்.

என் அம்மா கெட்டிக்காரி. வருசா வருசம் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக ஆசைப்படுவா, வருசா வருசம் எனக்குச் சோதனைப் பேப்பர் திருத்துகிற வேலை குறுக்கே வரும். ஒரு வைகாசியில், “அம்மாளாச்சியின்ரை பொங்கலும் உன்ரை பேப்பரும் ஒரே மாசத்திலைதான் வரும், நான் போறன்” என்று பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, சீலையை மாற்றிக்கொண்டு முல்லைத்தீவு பஸ் ஏறிவிட்டா. பிள்ளை சிவப்புப் பேனையால் ஒரு விடைத்தாளில் கீறிய கோட்டுக்கு நான் துறைத் தலைவருக்கு விளக்கம் எழுதினேன். அம்மா பிரசாதத்தோடு வந்து, “சமாளிச்சிட்டாய் தானே” என்றா, ஒரு குற்றவுணர்ச்சியும் இல்லாமல். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வைகாசி அவவின் மாதம்.

சரி, உம்முடைய கேள்விக்கு வருவோம். படிப்பை விடாதேயும், போம். ஆனால் பாரத்தில் கையெழுத்து வைக்கிறதற்கு முன்னால் அம்மாவிடம் கேளும், அவ மாட்டேன் என்று சொல்லக்கூடிய மாதிரிக் கேளும். கேட்கிற நேரமாவது பிள்ளையை நீர் தூக்கி வைத்திரும்.

அன்புடன்,
அக்கா