லோடு லாரியில் கியர் குறைக்கும்போது ஏன் கத்துகிறது?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகள் குட்டி யானை ஓட்டிவிட்டு, கனரக உரிமம் பெற்று, இப்போது ஒன்பது கியர் கொண்ட பன்னிரண்டு சக்கர லாரியில் ஏறியிருக்கிறேன். கியரை ஏற்றும்போது தொந்தரவு இல்லை. குறைக்கும்போதுதான் கத்துகிறது, சில வேளைகளில் விழுவதே இல்லை. சென்ற வாரம் புதுச்சேரி கோரிமேடு ஏற்றத்தில் ஐந்திலிருந்து நான்குக்கு வர முயன்று, எதுவும் விழாமல் லோடோடு நடுச்சாலையில் நின்றுவிட்டேன். "கையில் பலம் போதவில்லை" என்கிறார் மூத்த ஓட்டுநர். அதுதான் காரணமா?

பதில்: இல்லை. கியர் விழாததற்கும் கைப்பலத்துக்கும் தொடர்பில்லை. பலத்தைக் காட்டினால் கியர்பாக்ஸுக்குள் பற்சக்கரங்களின் வேகத்தைப் பொருத்தும் சிங்க்ரோ வளையம்தான் தேயும், அந்தச் செலவு முதலாளியின் தலையில் விழும்.

முதலில் குறை வண்டியில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கிளட்சை அடி வரை மிதித்து, ஐந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்கள். அப்போதும் கத்தினால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். கிளட்ச் ஆயில் குறைவு, கிளட்சை மிதிக்க உதவும் பூஸ்டரில் கோளாறு, பெடல் அளவு தவறியது ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். நிற்கும்போது ஓசையின்றி விழுந்து, ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் எப்போதும் கத்தினால், அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கக்கூடும். எல்லாக் கியரும் குறைக்கும்போது மட்டும் கத்துகிறது என்றால், பழகும் முறையில்தான் திருத்தம் தேவை. உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் உங்களுடையது இந்த மூன்றாவது வகை.

குறைக்கும்போது மட்டும் ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். அடுத்தடுத்த இரண்டு கியர்களுக்கு இடையிலான விகிதம் 1.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கில் நிமிடத்துக்கு 1,680 சுற்றில் ஓடும் இன்ஜின், அதே வேகத்தில் ஐந்துக்கு வந்தால் 1,200 சுற்றில் ஓட வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே சுற்று தானாகவே இறங்குவதால், கியரை ஏற்றுவது சற்றுப் பொறுத்திருந்தாலே கைகூடிவிடுகிறது. ஐந்திலிருந்து நான்குக்கு வரும்போதோ 1,200 சுற்று 1,680 ஆக உயர வேண்டும், அது தானாக உயராது. சிங்க்ரோ வளையம் உராய்வின் மூலம் அந்த வேக வேற்றுமையைச் சரிசெய்ய முயல்கிறது. குட்டி யானையின் சிறிய கியர்பாக்ஸில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். லாரியின் பெரிய பற்சக்கரங்களைச் சுழற்றி வேகப்படுத்த அதற்குக் கூடுதல் அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் லிவரைத் தள்ளுவதுதான் நீங்கள் கேட்கும் ஓசை.

பழைய வண்டிகளில் சிங்க்ரோ இல்லாத காலத்தில் ஓட்டுநர்கள் கட்டாயத்தால் கற்ற டபுள் கிளட்ச் முறையை, சிங்க்ரோ இருக்கும் இன்றைய வண்டியிலும் கியர் குறைக்கும்போது பழகுங்கள் என்றே சொல்வேன். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒருமுறை அளவாக மிதித்து, இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரின் முள் நானூறு, ஐந்நூறு சுற்று ஏறியவுடன் மறுபடி கிளட்சை மிதித்து, லிவரை இரண்டு விரலால் நகர்த்துவதுபோல் அடுத்த கியருக்குக் கொண்டுபோங்கள். சுற்றுப் பொருந்தியிருந்தால் லிவர் தானே உள்ளே இழுத்துக்கொள்வதுபோல் போய் அமரும். முள்ளைப் பார்த்துப் பழகுவது முதல் பத்து நாட்களுக்குத்தான். அதன்பின் காது போதும், கண் சாலையில் இருக்க வேண்டும்.

இனி கோரிமேட்டில் நடந்ததற்கு வருகிறேன். நீங்கள் ஐந்திலிருந்து நான்குக்கு வந்ததாக எழுதியிருப்பதைக் கவனித்தேன். ஒன்பது கியர் வண்டியில் பொதுவாகக் கிராலரும் (மிக மெதுவாக நகர்வதற்கான கியர்) ஒன்று முதல் நான்கும் லோ என்ற கீழ்ப் பிரிவில், ஐந்து முதல் எட்டு வரை ஹை என்ற மேல் பிரிவில் இருக்கும். ஆகவே நீங்கள் மாற்ற முயன்றது கியரை மட்டுமன்று, ஹையிலிருந்து லோவுக்கும் சேர்த்து. இந்த மாற்றத்தைச் செய்வது காற்றழுத்தம்; லிவர் நியூட்ரலில் இருக்கும் கணத்தில்தான் அது நடக்கும். சில வண்டிகளில் குமிழில் சுவிட்சு இருக்கும், சிலவற்றில் லிவரைப் பக்கவாட்டில் தட்டித் தள்ள வேண்டும். குமிழின் மேல் வரைந்திருக்கும் படம் உங்கள் வண்டி எந்த வகை என்று சொல்லும். சுவிட்சு வகையாக இருந்தால் ஐந்தில் இருக்கும்போதே அதை லோவுக்கு மாற்றி வைத்து, நியூட்ரலில் ஒரு கணம் நின்று, பிறகு நான்குக்குப் போங்கள். மாற்ற மறந்தால் நான்கு என்று நீங்கள் போடுவது எட்டாக விழும், ஏற்றத்தில் இன்ஜின் அடங்கிவிடும். நேர்மாறான தவறு இதைவிட ஆபத்தானது: எட்டில் வேகமாகப் போகும்போது லோவுக்கு வந்தால், இன்ஜினும் கிளட்ச் தகடும் தாங்கும் சுற்றை மீறிவிடும். காலையில் காற்று மீட்டர் ஏறும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பதற்கு பிரேக் முதற்காரணம், காற்றால் நடக்கும் இந்த ஹை-லோ மாற்றம் இரண்டாவது.

இத்தனை வேலையையும் ஏற்றத்தின் நடுவில் வைத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் லோடு வண்டி அந்த இரண்டு வினாடிக்குள் வேகம் இழந்து, நீங்கள் குறிவைத்த கியருக்குப் பொருந்தாமல் போய்விடும். கோரிமேடோ நம் கேப்பர் மலையோ, மேடு கண்ணில் பட்டதும் சமதளத்திலேயே நான்குக்கு வந்துவிட்டு ஏறுங்கள். நான்கில் முள் சுற்று மீட்டரின் பச்சைப் பகுதியின் அடிப்பக்கத்தைத் தொடும்போது மூன்றுக்கு வாருங்கள், இன்ஜின் துடிக்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். செங்குத்தான ஏற்றத்தில் ஒரு கியரைத் தாண்டி இறக்கினாலும் தவறில்லை. நின்றே விட்டால் தேடிக்கொண்டிருக்காதீர்கள்: கால் பிரேக், ஹேண்ட் பிரேக், லோ, ஒன்று அல்லது கிராலர், பிறகு கிளட்ச் பிடிக்கும் இடத்தில் வண்டி முன்னே இழுப்பதை உணர்ந்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். அரைக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிற்பது கிளட்ச் தகட்டை எரிக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் புதிதாக வருபவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஆள் நிறையவே இருக்கிறார்கள். இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சமாகும் என்பார்கள். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குட்பட்ட லாரிகளில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு உருளும்போது இன்ஜினுக்கு டீசலே போவதில்லை. நியூட்ரலில்தான் ஐடில் ஓட டீசல் செலவாகும். அதற்கும் மேலாக, புகைபோக்கியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக், வண்டி கியரில் இருந்தால்தான் பிடிக்கும். நாளை பெங்களூர் லோடு கிடைத்து, திரும்பும் வழியில் தொப்பூர் கணவாய் இறங்கும்போது, ஏறுவதற்குத் தேவைப்படும் கியரிலேயே மெதுவாக இறங்குங்கள்.

பயிற்சிக்குத் தனி மைதானம் தேட வேண்டாம். இன்ஜினை அணைத்து, கிளட்சை மிதித்து, கண்ணை மூடிக்கொண்டு ஐந்திலிருந்து நான்குக்கு ஐம்பது முறை கை போய் வரட்டும். பிறகு லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும் அதிகாலையில், மூத்த ஓட்டுநர் அருகில் இருக்க, நெரிசல் இல்லாத நேரான சாலையில் டபுள் கிளட்சைப் பழகுங்கள். கியர் மாற்றி முடித்ததும் இடது காலைக் கிளட்ச் பெடலின் மேல் வைத்திருக்காமல் தரையில் வையுங்கள். குட்டி யானைப் பழக்கத்தில் அநேகமாக நீங்கள் அதன்மேல்தான் வைத்திருப்பீர்கள், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் சீக்கிரம் போவது அதனால்தான்.